பழைய விளக்கு, புது சுவிட்ச்: கேள்வி பதில்

கேள்வி: நாற்பது வருடப் பழைய வீடு. ஃபோனிலிருந்தும் விளக்கை இயக்க, சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சிறு கருவியான ஸ்மார்ட் ரிலே ஒன்று வாங்கினேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் இரண்டே கம்பிகள். நியூட்ரல் எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை, விளக்கிடம் இருக்கிறது. பழைய வயரிங்கில் மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து விளக்குக்கு ஏறும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி நேராக விளக்குக்கே போய்விடும். ரிலேக்கோ, தான் விழித்திருக்க எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். வழி இரண்டு. ஒன்று, ரிலேயைச் சுவரில் வைக்காமல் விளக்கின் தலைமாட்டில், ஃபேஸ், நியூட்ரல், சுவிட்சிலிருந்து வரும் கம்பி மூன்றும் சந்திக்கும் இடத்தில் வைப்பது. இன்னொன்று, நியூட்ரல் தேவைப்படாத வகையை வாங்குவது. அது விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தைக் கசியவிட்டுப் பிழைக்கிறது. குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி சில சமயம் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையேல் கண் சிமிட்டும். தயாரிப்பாளர் தரும் பைபாஸ் என்ற சிறு துணைக்கருவியை விளக்குக்கு இணையாகப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மெயினை அணைக்காமல் எதையும் திறக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கேள்வி: ஃபோனில் சேர்க்கும்போது ஸ்மார்ட் பல்பு வை-ஃபையைக் கண்டுபிடிக்கவே இல்லை.

பதில்: மலிவான பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். உங்கள் ரவுட்டரில் அந்த அலைவரிசையை இயக்குங்கள்.

கேள்வி: சோக், ஸ்டார்ட்டர் போட்ட பழைய டியூப் லைட். ரிலே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சோக்கை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ரிலேயின் தொடுமுனையில் பொறி பறக்கும். அது நாளடைவில் கருகும், அல்லது ஒட்டிக்கொண்டு விளக்கு அணையவே மறுக்கும். முதலில் எல்இடி டியூப் மாற்றுங்கள், பிறகு ரிலே.

கேள்வி: நியூட்ரல் இல்லை. பெட்டியில் எர்த் கம்பி இருக்கிறது. அதை நியூட்ரலாகப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. "வேலை செய்கிறதே" என்பீர்கள். செய்யும், அதுதான் ஆபத்து. எங்காவது அந்த எர்த் அறுந்தால், அதில் சேர்ந்திருக்கும் உலோக உடல்கள் எல்லாம் ஷாக் அடிக்கத் தயாராகிவிடும்.

கேள்வி: ஸ்மார்ட் பல்பு வாங்காதீர்கள் என்று எப்போதும் சொல்கிறீர்களே, என்ன பகை?

பதில்: பகை பல்போடு இல்லை, சுவரோடு. எங்கள் வீட்டில் ஒரு பல்பு மாட்டினேன். அம்மா தூங்கப் போகும்போது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். காலையில் ஃபோன் "இணைப்பு இல்லை" என்று காட்டும். சுவிட்சின் மேல் "தொடாதே" என்று துண்டுத்தாள் ஒட்டினேன். அம்மா தாளைக் கிழித்துவிட்டு அணைத்தார். அறிவு சுவிட்சில் இருந்தால் அவர் விரலும் வேலை செய்யும், என் ஃபோனும் வேலை செய்யும்.

மறுப்பு: நான் வாடகை வீட்டுக்காரன். சுவரைத் திறந்தால் வீட்டுக்காரர் என்னை வெளியேற்றுவார். எனக்கு பல்புதான் கதி.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், உங்களுக்கு பல்புதான். பேட்டரியில் ஓடும் கம்பியில்லாப் பொத்தான் ஒன்றை சுவர் சுவிட்சின் மேலேயே ஒட்டிவிடுங்கள். விரல் அதைத்தான் அழுத்தும்.

இன்னொருவர்: ரிலேயில் நிறம் மாறுமா? என் அறையில் காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்.

பதில்: மாறாது. ஆனால் வாங்கிய முதல் வாரத்துக்குப் பிறகு எத்தனை முறை மாற்றினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

அவரே: தினமும். தானாக மாறும்படி நேரம் வைத்திருக்கிறேன்.

பதில்: சரி, தோற்றேன். இருந்தாலும் ஜிக்பீ (வை-ஃபை அல்லாத இன்னொரு கம்பியில்லா முறை) பல்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுவரில் மின்சாரம் உள்ளவரை அவை ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும். நடுவில் இருப்பதை யாராவது சுவரில் அணைத்தால், அதை நம்பியிருந்த தூரத்துச் சாதனங்கள் தடுமாறும். அம்மாவின் விரல் அவ்வளவு தூரம் எட்டும்.

கேள்வி: என் சுவிட்ச் பெட்டியில் இரண்டு கம்பிகள்தான்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: மங்கலாக்கும் சுவிட்ச் போட்டதும் எல்இடி ரீங்கரிக்கிறது.

பதில்: பல்பின் பெட்டியில் "டிம்மபிள்" என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் பல்பை மாற்றுங்கள். எழுதியிருந்தும் ரீங்கரித்தால் டிம்மரை மாற்றுங்கள். பழைய குண்டு பல்பு டிம்மர்கள் பலவும் எல்இடிக்குப் பொருந்துவதில்லை.

கேள்வி: எர்த் வேண்டாம் என்றீர்கள். தண்ணீர்க் குழாய் இரும்புதானே, அதிலிருந்து நியூட்ரல் எடுக்கலாமா?

பதில்: உடனே மெயினை அணையுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.