லைனில் மோட்டர் பூட்டலாமா? கொழும்பு வீட்டுத் தண்ணீர்க் கேள்விகள்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, பகலில் பைப்பில் தண்ணீர் நூல் மாதிரித்தான் வருகிறது. மெயின் லைனிலேயே மோட்டரைப் பூட்டி மேல் தாங்கிக்கு ஏற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் தம்பி. லைனில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது மோட்டர் இழுத்தால், குழாயில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அதன் வழியாக வெளியே தேங்கிய நீரும் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் கழிவுநீர்க் கான் ஓடினால் அந்த அழுக்குத்தான் வரும். அதைக் குடிப்பது உங்கள் பிள்ளைகளும் அயல் வீட்டுப் பிள்ளைகளும். அயலவருக்கு வரும் கொஞ்சத் தண்ணீரும் நின்றுவிடும்.

கீழே ஒரு தாங்கி வையுங்கள், மிதவை வால்வோடு. ஊர் தூங்கியபின் அழுத்தம் கூடும்போது அது தானாக நிரம்பும். மோட்டர் அதிலிருந்து மேலே ஏற்றட்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று வைத்தால், 5 பேருக்கு 600. கீழே 1000, மேலே 500 இருந்தால் இரண்டு நாள் நீர்வெட்டைத் தாங்கலாம். மேல் தாங்கியைப் பெரிதாக்க நினைத்தால் ஒன்று: 1000 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். பழைய வீடென்றால் ஸ்லாப்பை மேசனிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை.

பதில்: முதலில் நிறுத்துங்கள், தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் எரிந்துவிடும். தாங்கி மோட்டருக்குக் கீழே இருக்கிறதென்றால் உறிஞ்சும் குழாயில் காற்று ஏறியிருக்கும். நீர் ஊற்றும் மூடியைத் திறந்து நிரப்பிவிட்டுப் போடுங்கள். தினமும் காலையில் இதே வேலை என்றால், உறிஞ்சும் குழாயின் அடியில் நீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் புட் வால்வு கசிகிறது, அதை மாற்றுங்கள். கீழ்த் தாங்கி வற்றினால் மோட்டரை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் ஒன்றும் போடுங்கள், விலை பெரிதில்லை.

தெஹிவளையிலிருந்து: பிரஷர் பம்ப், பைப்பைத் திறந்தால் டக் டக்கென்று போட்டுப் போட்டு நிற்கிறது.

பதில்: அதோடு உள்ள சிறு தாங்கியில் காற்றுக் குறைந்திருக்கும். கரண்டை நிறுத்தி, நீரை முழுக்க வடித்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். அந்தக் காற்றழுத்தம், பம்ப் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். காற்று வால்வில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. ஒருவரும் பைப்பைத் திறக்காமலே ஓடுகிறதா? கழிவறை ஃப்ளஷ் தொட்டி கசிகிறதா என்று பாருங்கள்.

மட்டக்குளியிலிருந்து: வெள்ளம் கீழ்த் தாங்கிக்குள் போய்விட்டது ஐயா.

பதில்: மெயின் ஸ்விட்சை நிறுத்துங்கள் அக்கா. நனைந்த மோட்டரை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடவே வேண்டாம். தாங்கியை வெறுமையாக்கிச் சேற்றைக் கழுவுங்கள். ஆள் இறங்க வேண்டியிருந்தால் வெளியே இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும், மூடிய தாங்கிக்குள் மூச்சுத் திணறும். அப்புறம் நிரப்பி, 1000 லீற்றருக்கு 5 வீத பிளீச் 1 லீற்றர் ஊற்றி ஒருநாள் விடுங்கள். அந்த நீரைக் குடிக்கக் கூடாது, முழுக்க வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள், வழிந்தோடும் குழாய் வாயில் நுளம்பு வலையும் கட்டுங்கள். டெங்கு நுளம்புக்குத் தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும்.