53 யூரோ கூலி, 2,600 யூரோ பை

கேள்வி: மூன்று வருடமாகச் சேர்த்த பணத்தில், பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான டியோரின் கைப்பை ஒன்று வாங்கலாம் என்றிருந்தேன். 2,600 யூரோவுக்கு விற்கும் பையை 53 யூரோவுக்குச் செய்து வாங்குகிறார்கள் என்று ஒரு செய்தி படித்ததிலிருந்து கை வரவில்லை. இது ஏமாற்று வேலைதானே?

பதில்: இரண்டு எண்ணும் சரிதான், அந்தப் பைகள் தயாரான இத்தாலியில், மிலான் நீதிமன்ற ஆவணத்தில் வந்தவை. ஆனால் செய்தியைப் பகிர்ந்தவர்கள் பலர் ஒன்றை விட்டுவிட்டார்கள். 53 யூரோ என்பது பையைத் தைத்துப் பொருத்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை; தோல் விலை அதில் சேராது. வடிவமைப்பு, விளம்பரம், கடை வாடகை எல்லாம் தனி. அதற்காக டியோரைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். டியோரின் தாய் நிறுவனமான எல்விஎம்எச், ஆடை மற்றும் தோல் பொருள் பிரிவில் 2023-இல் ஒவ்வொரு 100 யூரோ விற்பனைக்கும் கிட்டத்தட்ட 40 யூரோ இயக்க லாபம் பார்த்தது.

விலை ஏன் அதிகம் என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் துணை நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பில் எடுத்ததற்குக் காரணம், பை தயாரான பட்டறைகளின் நிலை. தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கினார்கள். வேலை வேகமாக நடக்க இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களைக் கழற்றியிருந்தார்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் வேலை நடந்ததை மின்சாரப் பயன்பாடே காட்டிக் கொடுத்தது. ஒப்பந்தக்காரர்களை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்பதுதான் டியோர் மீதான குறை. 2025 பிப்ரவரியில் கண்காணிப்பு விலக்கப்பட்டது.

ஆகவே, பை போலி அல்ல. ‘இத்தாலியில் தயாரானது’ என்ற அட்டையும் பொய் சொல்லவில்லை, ஊர் பெயரை மட்டும் சொல்கிறது. நுகர்வோர் சட்டம் தலையிடுவது வார்த்தை பொய்யாகும்போது. இதே மாதிரி விவகாரத்தில் சிக்கிய இத்தாலிய ஆடை நிறுவனம் அர்மானிக்கு, சமூகப் பொறுப்பு பற்றி அது சொன்னதும் பட்டறையில் நடந்ததும் பொருந்தவில்லை என்று இத்தாலியப் போட்டி ஆணையம் 2025 ஆகஸ்டில் 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

பை பிடித்திருந்தால் வாங்குங்கள். விலை ஏறினால் தைத்தவர் கூலியும் ஏறியிருக்கும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். வாங்குமுன் மின்னஞ்சலில் கேளுங்கள்: சொந்தப் பட்டறையா, ஒப்பந்தமா, ஒப்பந்தக்காரர் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்ற அனுமதி உண்டா? கடையில் வாயால் சொல்லும் பதில் கையில் நிற்காது.

கேள்வி: சரி, டியோர் வேண்டாம். வேறு நல்ல கம்பெனிக்குப் போய்விட்டால்?

பதில்: போகலாம், முதலாளி மாறுகிறாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். லூயி விட்டான், ஃபெண்டி, செலின், ஜிவான்ஷி, லோவே, டிஃபனி, புல்காரி எல்லாமே எல்விஎம்எச் குடும்பம்தான். மொத்தம் 75 பெயர்களுக்கு மேல். சத்தமில்லாத பணக்காரத்தனத்துக்குப் பெயர்போன லோரோ பியானாவும் அங்கேதான். 2025 ஜூலையில் அதையும் மிலான் நீதிமன்றம் இதே காரணத்துக்காகக் கண்காணிப்பில் எடுத்தது.

பிரெஞ்சு ஆடம்பரப் பை நிறுவனமான எர்மெஸையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கப் பார்த்தார்கள் என்று பலருக்குத் தோன்றியது. 2010-இல், எல்விஎம்எச் சத்தமில்லாமல் எர்மெஸ் பங்குகளைச் சேர்த்து வைத்திருந்தது வெளியே வந்தது. அதை மறைத்ததற்காக 2013-இல் பிரெஞ்சுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 80 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. எர்மெஸ் குடும்பத்தார் தங்கள் பங்குகளை ஒன்றாகக் கட்டிவைத்துத் தப்பித்தார்கள்.

கேள்வி: எந்தக் கடையில் கேட்டாலும் குச்சி பைக்கு ஒரே விலை. தள்ளுபடிக்காகக் காத்திருப்பது வீணா?

பதில்: (தமிழில் எழுதினால் Gucci என்ற பெயர் இப்படித்தான் ஆகிறது, மன்னிக்கவும்.) ஐரோப்பாவில் அந்த ஒற்றுமை தானாக வரவில்லை. தங்கள் பொருளை வாங்கி விற்கும் தனிக் கடைகள் என்ன விலை வைக்கலாம், எவ்வளவு தள்ளுபடி தரலாம், எப்போது தரலாம் என்று கட்டுப்படுத்தியதற்காக குச்சி, க்ளோயே, லோவே மூன்றுக்கும் சேர்த்து 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் 15.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. குச்சியின் பங்கு மட்டும் சுமார் 12 கோடி. மூன்றும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை, தனித்தனியாகத்தான் செய்தன. எனக்கு அதுதான் கூடுதல் வியப்பு. இனி அங்கே தனிக் கடைகளில் விலை விசாரிப்பது வீண் அல்ல. நிறுவனத்தின் சொந்தக் கடையில் விலை அவர்கள் வைத்ததுதான். அதைச் சட்டம் தடுக்காது.

கேள்வி: பைக்குப் பணம் இல்லை. அதே பெயரில் வாசனைத் திரவியமாவது, கண்ணாடியாவது வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பல பெயர்களில் பை செய்கிறவர்கள் அதைச் செய்வதில்லை. குச்சி வாசனைத் திரவியம், அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்ற கோட்டி நிறுவனத்தின் தயாரிப்பு. பிராடா, ஷனேல் கண்ணாடிகளைத் தயாரிப்பது எசிலோர்லக்சோட்டிகா, ரேபேனும் அவர்களுடையதுதான். கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், மூக்கில் சரியாக உட்கார்ந்தால் வாங்குங்கள்.