கேள்வி – பதில்: வேலையில் காயம், பணம் யார் தரவேண்டும்?

களியக்காவிளை வாசகி: கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு நகரத்து ஊழியர்களின் காய க்ளெய்ம் ஃபைல்கள் எங்களிடம் வருகின்றன. 'நாம் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை' என்கிறார் டீம் லீடர். அப்படியானால் பணம் யாருடையது? தாமதமானால் யார் தலையில் விழும்?

பணம் அந்த நகரத்தினுடையது. இந்த முறைக்குச் சுய காப்பீடு என்று பெயர்; அதாவது, பிரீமியம் கட்டாமல் சிகிச்சைச் செலவையும் சம்பள இழப்பையும் நகரமே தன் நிதியிலிருந்து கொடுப்பது. ஒரே விபத்தில் பெருந்தொகை போய்விடக்கூடாதே என்று குறிப்பிட்ட வரம்புக்கு மேல் மட்டும் ஒரு பாலிசி எடுத்து வைப்பார்கள். உங்கள் கம்பெனி கணக்குப்பிள்ளை மாதிரி; செக் எழுதுவது நகரம் பணம் நிரப்பும் கணக்கிலிருந்து.

தாமதத்தில்தான் சிக்கல். கெடு, ஃபைல் உங்களிடம் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. குப்பை லாரியிலிருந்து விழுந்தவர் தன் சூப்பர்வைசரிடம் சொன்ன நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் அவர் கையில் க்ளெய்ம் படிவம் இருக்கவேண்டும். அவர் அதை நிரப்பிக் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள், ஏற்பதா மறுப்பதா என்று முடிவாகும் முன்பே, 10,000 டாலர் வரை சிகிச்சைக்கு அனுமதி தரவேண்டும். வேலைக்கு வரமுடியாதவருக்கு, அது தெரிந்த 14 நாளுக்குள் முதல் தவணை போகவேண்டும். பொதுவாக வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. படிவம் கொடுத்து 90 நாளில் மறுக்காவிட்டால் காயம் வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். தவணை தவறினால் 10 சதவீதம் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இதற்கெல்லாம் பொறுப்பு நகரம்தான். உங்களைப்போல க்ளெய்மை நிர்வகிக்கும் கம்பெனியின் தவறால் வந்த அபராதத்தைக் கம்பெனியே கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் நகரம் அதைத் திரும்ப வாங்கமுடியும். அந்தப் பிரிவு இருக்கிறதா என்று உங்கள் லீடரிடம் கேளுங்கள். அது இருந்தால், ஃபைல் வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

அங்கே வெள்ளி மதியம் என்றால் இங்கே சனி பிறந்துவிட்டது. சனி விடுமுறை என்று ரோஸ்டர் போட்டால் வெள்ளி மதியத்துக்குப் பிந்தைய ஃபைல்கள் மொத்தமும் திங்கள் வரை தூங்கும். இன்னொரு வழக்கமான பிழை: போலீஸ், தீயணைப்பு ஊழியர்களுக்கும் மூன்றில் இரண்டு என்று கணக்குப் போடுவது. அவர்களுக்கு ஓராண்டு வரை முழுச் சம்பளம்.

ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய ஃபைல்களை யார் முடிப்பது என்பதையும் ஒப்பந்தம்தான் சொல்லவேண்டும். 'க்ளெய்ம் முடியும்வரை' என்று கட்டணம் பேசியிருந்தால் பழைய கம்பெனி. 'ஒப்பந்தம் முடியும்வரை' என்றால் புதியவர், நகரம் மறுபடி காசு கொடுக்கும். மாற்றத்தின்போது குறிப்புகள் தொலைந்து, ஒரே ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: என் மைத்துனர் 40 வயது. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு நகராட்சியில் கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை. 2025 ஜூனில் வேலையிலேயே விபத்தில் இறந்தார். கான்ட்ராக்டர் ஒரு லட்சம் தந்து முத்திரைத்தாளில் என் தங்கையிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். நகராட்சி 'எங்கள் ஆள் இல்லை' என்கிறது. வழக்குக்குத் தமிழ்நாட்டுக்கு அலையவேண்டுமா?

முதலில் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். இஎஸ்ஐ உண்டென்றால் உங்கள் தங்கை போகவேண்டியது அந்த அலுவலகத்துக்கு; மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை வரும். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் (நகராட்சி ஆணையர் அல்ல) தனி இழப்பீடு கிடையாது.

இஎஸ்ஐ இல்லையென்றால், விபத்து நடந்த தேதிக்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்தவேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரைதான் கழிக்கமுடியும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது.

நகராட்சி தப்பமுடியாது. கான்ட்ராக்ட் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளி, அதாவது வேலையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தவர், பொறுப்பு என்கிறது 12-ஆம் பிரிவு. 'நாங்கள் வியாபாரம் செய்யவில்லையே' என்றால் பிரிவு 2(2)-ஐக் காட்டுங்கள்: உள்ளாட்சியின் கடமைகள் அதன் தொழிலாகவே கருதப்படும். கட்டிய பணத்தை அவர்கள் கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் விபத்து நகராட்சியின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் நடந்திருக்கவேண்டும். எந்த வார்டு, எந்தத் தெரு என்று காட்டும் வருகைப்பதிவும் எஃப்ஐஆர் நகலும் அதனால் அவசியம்.

தொகை: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கவேண்டும். சம்பளம் 15,000 வரைதான் கணக்கில் வரும். 40 வயதுக்குக் காரணி 184.17. எனவே சம்பளம் 15,000 அல்லது அதற்கு மேல் என்றால் 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய், ஈமச்செலவு குறைந்தது 5,000 தனி. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி.

அலையவேண்டாம். உரிமை கோருபவர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு கொடுக்கலாம். உங்கள் தங்கையும் கொழிஞ்சாம்பாறையிலேயே வசிக்கிறார் என்றால் பாலக்காடு போதும். ரேஷன் கார்டு நகலை இணைத்துக் கொடுங்கள். கெடு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.