வாசகர் கேள்வி பதில்: சம்பளம் இல்லை, கொமிஷன் மட்டும்

கேள்வி: ஏ.எல். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறேன். 'கல்வி ஆலோசகர்' வேலை என்று விளம்பரம் பார்த்து மட்டக்களப்பு நகரில் நேர்முகத்துக்குப் போனேன். வீடு வீடாகப் போய் தரம் 3 முதல் 11 வரைக்குமான பாட மென்பொருளை டப்புடன் (டப்லெட் கணினி) சேர்த்து 1,85,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். ஒன்று விற்றால் 20,000 கொமிஷன், சம்பளம் கிடையாது. பயிற்சிக்கும் காட்டித் திரிய ஒரு டப்புக்கும் 25,000 ரூபா டிபொசிட் கேட்கிறார்கள். மாதம் பத்து விற்றால் இரண்டு இலட்சம் என்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கட்டுமா என்று கேட்கிறா. சேரலாமா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: சேர வேண்டாம் தம்பி. சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

அந்தப் 'பத்து' என்ற எண்ணை எடுத்துப் பார்ப்போம். இந்தச் சாமானைக் கடையில் வைத்து விற்க முடியாது, தாயும் பிள்ளையும் வீட்டில் இருக்கும் நேரம் போய் உட்கார்ந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் காட்ட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து, ரியூசனும் முடிந்து வீட்டுக்கு வரும்போதே பொழுது சாய்ந்துவிடும். ஆக ஒரு மாலைக்கு ஒரு வீடு, ஓடினால் இரண்டு. மாதம் முழுக்க ஒருநாள் விடாமல் அலைந்தாலும் நாற்பத்தைந்து வீட்டைத் தாண்ட மாட்டீர்கள். நாற்பத்தைந்து வீட்டில் பத்து வீடு இரண்டு இலட்சத்துக்குக் கிட்டிய காசுக்குக் கையெழுத்துப் போடுமா? உங்கள் ஊரில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகலாம் என்பார்கள். வெல்லாவெளிப் பக்கம் இருட்டினால் யானைக்குப் பயந்து சனமே வெளியில் இறங்காது, அங்கே கையில் காசு புழங்குவதும் பெரும்போக வெள்ளாமை வெட்டி விற்ற பிறகு கொஞ்ச நாளைக்குத்தான், அதுவும் உரக்கடைக் கடனும் உழவு மெசின் கூலியும் போன மிச்சம். பெற்றோல் யாருடைய காசு என்று கேட்டீர்களா? உங்களுடையதுதான்.

சரி, அப்படியென்றால் இவர்கள் ஏன் ஆட்களை இப்படி அள்ளி அள்ளிச் சேர்க்கிறார்கள்? கொம்பனிக்கு நீங்கள் வருடக்கணக்கில் நின்று பிடிக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. முதல் கிழமை பயிற்சியில் 'உங்களுக்குத் தெரிந்த ஐம்பது குடும்பத்தின் பெயரை எழுதுங்கள்' என்று ஒரு தாள் தருவார்கள், அந்தத் தாள்தான் அவர்களுக்கு வேண்டியது. எங்கள் பக்கம் அம்மாவின் வளவைச் சுற்றித்தானே பெரியம்மா, சின்னம்மா வீடுகள். "சின்னம்மா, ஒருக்கா பாருங்க, தம்பிக்குத்தானே" என்று நீங்கள் போய் நின்றால் அவ எப்படி இல்லையென்பா? இரண்டு பேர் வாங்குவார்கள், மூன்று பேர் வாங்குவார்கள், அதோடு வளவு முடிந்துவிடும். நீங்களும் நின்றுவிடுவீர்கள், அடுத்த மாதம் உங்களுடைய கதிரையில் செங்கலடியிலிருந்தோ ஆரையம்பதியிலிருந்தோ வேறொரு பிள்ளை தன் ஐம்பது பெயரோடு உட்காரும். உங்கள் சின்னம்மா மட்டும் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பா.

எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம் வேறொன்று. விற்பதற்கு முன் பிள்ளைக்கு ஒரு 'பரீட்சை' வைக்கப் பழக்குவார்கள். வகுப்புக்கு மேலான கேள்விகளையும் கலந்து கொடுத்துத் திரையில் சிவப்புக் கோடு விழவைப்பார்கள். தாயின் முகம் வாடுகிற அந்த நிமிடத்தில்தான் 'இன்றைக்கு மட்டும் விலைக்கழிவு' என்று படிவத்தை நீட்டச் சொல்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக்கூட மக்கு என்று தாய்க்கு முன்னால் காட்டித்தான் உங்களுடைய கொமிஷன் வர வேண்டும். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கும்.

அப்புறம் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வாங்கியவர் தவணையை நிறுத்தினால் உங்களுக்குத் தந்த கொமிஷனைத் திருப்பி வெட்டுவோம் என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், போன மாதம் உழைத்த காசுகூட உங்கள் காசு இல்லை. 'சுயாதீன முகவர்' என்று எழுதியிருக்கிறதா? நீங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லத்தான் அந்தச் சொல். இலங்கையில் கொமிஷன் அடிப்படையில் வேலை செய்யும் ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. உழைப்பில் ஊழியர் 8 வீதம், தொழில் வழங்குநர் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம். காலையில் எட்டு மணிக்குக் கூட்டம், போகும் இடத்தையும் அவர்களே சொல்கிறார்கள், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், ஆனால் நீங்கள் ஊழியர் இல்லை என்றால் அது எப்படி என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று, 'நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் அவர்கள் கட்டுகிற காசிலிருந்து உங்களுக்கும் பங்கு' என்று பேச்சு வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஆட்களைச் சேர்த்து அவர்கள் கட்டும் காசில் ஓடும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் தடைசெய்திருக்கிறது, சேர்த்துவிட்டவருக்கும் அதில் சிக்கல் வரும்.

விற்பனை வேலை கேவலமான வேலை இல்லை. அடிப்படைச் சம்பளம், பெற்றோல் காசு, நியமனக் கடிதம், டிபொசிட் இல்லை, இவ்வளவும் இருந்தால் பிஸ்கட் கொம்பனியோ தொலைபேசிக் கொம்பனியோ தைரியமாகப் போங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கே வாடிக்கையாளர் நீங்கள்தான்.

கேள்வி: என் மச்சாளின் மகள் கெஞ்சிக் கேட்டதால் ஐந்தாம் வகுப்பு மகனுக்கு இப்படி ஒரு மென்பொருள் வாங்கினேன். 40,000 கட்டிவிட்டேன், மிச்சம் மாதத் தவணை. மூன்று கிழமையோடு மகன் தொடுவதில்லை. கணவர் கட்டாரில். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: முதலில் கணவருக்குச் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. பயந்துகொண்டு மறைக்கிற வரைக்கும் தவணை மட்டும் ஒழுங்காகப் போகும்.

அடுத்து, உங்களிடம் உள்ள தாளில் கடன் தந்தவர் யார் என்று பாருங்கள். விற்ற கொம்பனியா, இடையில் ஒரு நிதிக் கொம்பனியா? நிதிக் கொம்பனி என்றால் சாமான் பிடிக்கவில்லை என்று தவணையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிணை நின்றவரின் வாசலில் போய் நிற்பார்கள். பேசிய வாக்குறுதிகளை (புலமைப்பரிசிலில் கட்டாயம் சித்தி, ஆசிரியர் தினமும் அழைப்பார், இப்படி என்னவெல்லாம் சொன்னார்களோ) திகதியோடு எழுதி, நிறைவேறாதவற்றைக் குறித்து, ஒப்பந்தத்தை முடித்துத் தரும்படி கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தவறான தகவல் சொல்லி விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம், முறைப்பாட்டுக்கு அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். மச்சாளின் மகளோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவளும் டிபொசிட் கட்டித்தான் வந்திருப்பாள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், என்ன சொல்லி விற்கச் சொன்னார்கள் என்பதற்கு அவளை விட வேறு சாட்சி இல்லை.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். மகனின் பாடப்புத்தகத்தில் அடுத்த கிழமை படிப்பிக்கப்போகிற பாடத்தை எடுத்து, அதே பாடம் அந்த மென்பொருளில் தமிழில், நம் பாடத்திட்டப்படி இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு நாட்டுப் பாடத்தை மொழிபெயர்த்தது என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். 'பதினொராம் வகுப்பு வரை இது போதும்' என்று விற்றிருந்தால் அதையும்தான். இங்கே பாடத்திட்டத்தை எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் 2007 இலும் 2015 இலும் நடந்தது. இன்று வாங்கிய பாடம் அவன் ஓ.எல். எழுதும்வரை அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொம்பனியே நிலைக்குமா என்பதும் இருக்கிறது. இந்தியாவில் இப்படிப் பாடம் விற்ற பைஜூஸ் கொம்பனி எவ்வளவு பெரிதாக இருந்தது, பெற்றோரை வற்புறுத்தி விற்பதாக எழுந்த முறைப்பாட்டில் 2022 டிசம்பரில் அங்குள்ள குழந்தைகள் உரிமை ஆணையம் அதன் தலைவரை அழைத்தது, 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போனது.

மகனுக்கு இப்போதைக்கு, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. டப் கையில்தானே இருக்கிறது, அதிலேயே திறந்து, இரவில் அரை மணித்தியாலம் நீங்களும் பக்கத்தில் இருங்கள். அவன் தொடாமல் விட்டதற்கு, தனியாக அதோடு உட்கார வைத்ததுதான் காரணமோ என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: நான் ஆசிரியை. படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் தந்தால் ஒரு பெயருக்கு 1,000 ரூபா தருவதாக ஒரு விற்பனைப் பிரதிநிதி கேட்கிறார். கொடுத்தால் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே?
– அக்கரைப்பற்று

பதில்: கொடுக்காதீர்கள் ரீச்சர். நீங்கள் தருகிற பட்டியல் அவர்களுக்கு, எந்த வீட்டில் தாய் அதிகம் பயந்திருக்கிறாள் என்ற பட்டியல். 'ரீச்சர்தான் சொன்னா' என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவார்கள். அதிபரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அந்தப் பிரதிநிதி வட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.