மழைக்கு மறுநாள் அள்ளிய கடல் நீர்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். 200 லிட்டர் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி. இரண்டு நீமோ மீன், ஒரு நீல டாம்செல், ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் காளான் பவளம் இருந்தன. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் பொட்டல உப்பு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. போன வாரம் மகன் குர்னி டிரைவ் கரையிலிருந்து நான்கு 25 லிட்டர் கேன்களில் கடல் நீர் கொண்டுவந்து, தொட்டியில் பாதியை மாற்றிவிட்டான். அதற்கு முதல் நாள் நல்ல மழை. அன்று இரவே தண்ணீர் பால் போலக் கலங்கிவிட்டது. காலையில் இறால் செத்துக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இப்போது தேவலை, ஆனால் தண்ணீர் முழுதாகத் தெளியவில்லை. கடல் நீரே தொட்டிக்கு ஆகாதா?

பதில்: ஆகும், சகோதரி. கடல் மீன் குஞ்சு பொரிப்பகங்கள் கடல் நீரில்தான் நடக்கின்றன. ஆனால் ஏற்றிய தண்ணீரை அவர்கள் நேரே மீனுக்கு விடுவதில்லை. வடிகட்டி, கிருமி நீக்கி, தேக்கி வைத்த பிறகே விடுவார்கள்.

முதலில் இறால் விஷயம். திறந்த கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மலாக்கா நீரிணை ஒடுங்கிய கடல், இரண்டு பக்கமும் ஆறுகள் வந்து விழுகின்றன. பினாங்குக் கரையோரம் சாதாரண நாளிலேயே 30 கிராமை ஒட்டித்தான் இருக்கும். மழைக்கு மறுநாள், நகரத்துக் கால்வாய்கள் கொட்டுகிற கரையில் அதைவிடவும் இறங்கியிருக்கும். பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றியதால் தொட்டியின் உப்பு சட்டென்று குறைந்துவிட்டது. மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கிளீனர் இறாலால் முடியாது. உங்கள் இறால் பெரும்பாலும் இதனால்தான் போயிருக்க வேண்டும்.

கலங்கலுக்குச் சேறு மட்டும் காரணமில்லை. கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் ஏராளம். கேனிலும் தொட்டியிலும் அவை செத்து அழுகும்போது பாக்டீரியா பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது அதனால்தான்.

இப்போதைக்கு ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். அழுகலிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை அளக்க டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். கொஞ்சம் காட்டினாலும், பொட்டல உப்பு கரைத்த நீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். குறைந்த உப்பை ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு லிட்டருக்கு 1 கிராம் ஏறினால் போதும். ஃபில்டரில் மீன் தொட்டிக் கரி நிரப்பிய பை ஒன்று போட்டுவையுங்கள்.

இனி கடல் நீர் எடுப்பதானால் குர்னி டிரைவ் பக்கமே போக வேண்டாம். ஆழமில்லாத சேற்றுக் கரை அது, பக்கத்திலேயே மண் கொட்டிக் கடலை நிரப்பியும் இருக்கிறார்கள். படகுகள் கட்டும் ஜெட்டியும் கூடாது. படகின் அடியில் பூசும் பெயின்டில் செம்பு இருக்கும். மீன் தாங்குகிற செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். சேறு படியும், கிருமியை பிளீச் கொல்லும். கரைந்த செம்பு மட்டும் வடிகட்டினாலும் தேக்கினாலும் போகாது. அதனால்தான் இடத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். தெலுக் பாகாங்கிலோ தெலுக் கும்பாரிலோ மீன் பிடிக்கப் போகும் படகுக்காரரிடம் சொல்லி, கரையை விட்டுத் தள்ளி எடுத்துவரச் சொல்லுங்கள். அவருக்குப் பத்து இருபது வெள்ளி கொடுத்தாலும் வீண் செலவு இல்லை.

கேனை மூடியபடியே ஒரு முழம் ஆழத்துக்கு அமுக்கி, அங்கே திறந்து நிரப்ப வேண்டும். மழை நீர் உப்பு நீரைவிட லேசு, மேலேயே நிற்கும். எண்ணெய்ப் படலமும் அங்கேதான். கடல் ஏற்றம் முடியும் நேரம் நல்லது. பெரிய மழைக்குப் பின் ஐந்தாறு நாள் பொறுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே மழை அதிகம், ஜனவரி, பிப்ரவரிதான் தோதான காலம். கடல் செம்பழுப்பாகத் தெரிந்தாலோ மீன் செத்து ஒதுங்கினாலோ ஒரு சொட்டும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஃபில்டர் பையில் வடிகட்டி, மூடியுள்ள கறுப்புத் தோம்பில் (பீப்பாயில்) வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு அடியில் நான்கு விரற்கடை விட்டு, மேல் நீரை மட்டும் டியூபில் இழுங்கள். ஒரு நாள் காற்று விட்டபின் பயன்படுத்தலாம்.

ஆனால் வெண்புள்ளி நோயின் முட்டைக்கூடு சில சமயம் வாரக்கணக்கில் கிடந்து பொரிக்கும். அந்தக் கவலைக்கு பிளீச் வழி உண்டு. வாசனை சேர்க்காத, 5 சதவீத பிளீச் 100 லிட்டருக்கு 20 மில்லி, தோம்பில் மட்டும். ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு, மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் கல்லைக் கரைத்து ஊற்றுங்கள். குளோரின் டெஸ்ட் பூஜ்ஜியம் காட்டும்வரை தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அப்புறம் உப்பை அளக்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் அவசியம் வாங்குங்கள். எடுத்துவந்த நீர் 29 காட்டினால், பவளத்துக்கு ஏற்ற 34-க்குக் கொண்டுவர லிட்டருக்கு 5 கிராம், அதாவது 100 லிட்டருக்கு அரை கிலோ பொட்டல உப்பு போதும். குழாய்த் தண்ணீரில் முதலிலிருந்து கரைத்தால் மூன்றரைக் கிலோ ஆகும். உங்களுக்கு மிச்சம் அங்கேதான். சமையல் உப்பைச் சேர்க்காதீர்கள், பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதாது. தொட்டியில் ஆவியாகிக் குறைவதை நல்ல தண்ணீரால் மட்டும் ஈடுகட்டுங்கள், உப்பு ஆவியாவதில்லை. எந்த நீரானாலும் ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

புது இறால் வாங்க அவசரப்படாதீர்கள். அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்ஜியமாக நின்ற பிறகு வாங்கி, மெல்லிய டியூபில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட்டு, ஒரு மணி நேரம் பழக்கி, அப்புறம் இறக்குங்கள்.