தர்மபுரி டவுனுக்குள்ளேயே அதிகம் பேர் கவனிக்காத பழைய இடங்கள் ஏதும் உண்டா?

உண்டு. ஒகேனக்கலுக்கு பஸ் மாறத்தான் தர்மபுரி என்று நினைப்பவர்கள் தவறவிடுவது நிறைய. இதுதான் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர்.

முதலில் அரசு அருங்காட்சியகம் போங்கள், அங்குள்ள நடுகற்களை அவசரமில்லாமல் பாருங்கள். மாட்டைக் கவர்ந்துபோக வந்தவர்களோடு சண்டை போட்டு ஊர் மாட்டை மீட்டுச் செத்த சாதாரண ஆட்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. கையில் வில், பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, சிலவற்றில் காலருகே ஒரு கிண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் கூட இருக்கும். பெரிய அரண்மனையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் கோட்டை மல்லிகார்ஜுனர் கோயில். மண்டபத்தில் ஒரு தூண் முழுசாகத் தரையில் உட்காராது, அடியில் துணியை விட்டு மறுபக்கம் இழுக்கலாம்.

மிச்ச நேரமிருந்தால், 1790களில் இங்கே கலெக்டர் ரீடின் உதவியாளராக இருந்து பிறகு சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவின் நினைவுத்தூணையும் விசாரித்துப் பாருங்கள்.