வீடும் வெயிலும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை உவர்மலையில் இரண்டு மாடி வீடு. மேல்மாடிக்கு மேலே ஓடோ சீற்றோ இல்லை, வெறும் சிலாப்தான். 12 அடிக்கு 10 அடி அறையில் 12,000 பீ.ரீ.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. பூட்டியிருக்கிறோம். சித்திரை தொடங்கினால் ஆவணி வரை இரவு பதினொரு மணிக்கும் அறை குளிராது. 18,000க்கு மாற்றச் சொல்கிறார் ஏ.சி. பூட்டியவர். மாற்றலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

மாற்ற வேண்டாம். இன்றிரவு எட்டு மணிக்கு ஏணி வைத்து ஏறி, சிலாப்பின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு உட்சுவரில் வையுங்கள். சிலாப் சுவரைவிடச் சுட்டால் ஏ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெறும் கொங்கிரீட்டின் மேற்பரப்பு கச்சான் காற்று வீசும் காலத்து நண்பகலில் 55 பாகை செல்சியசைத் தாண்டும். ஐந்து அங்குலச் சிலாப் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் கீழே விடும். பொழுது பட்ட பிறகும் அறை அவிவது அதனால்தான். கணக்கும் சின்னதுதான். சிலாப்பின் மேலுக்கும் அறைக்கும் இடையில் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 4 வாற் வெப்பம் உள்ளே இறங்கும். உங்கள் அறை 11 சதுர மீற்றர். வித்தியாசம் 29 பாகை என்றால் 1,200 வாற்றுக்கு மேல் வந்துவிடும். 12,000 பீ.ரீ.யூ. ஏ.சி. வெளியேற்றக்கூடியது 3,500 வாற். அதில் மூன்றிலொரு பங்கைச் சிலாப் ஒன்றே தின்கிறது. 18,000 பூட்டினால் அந்த வெப்பத்தையும் காசு கொடுத்து வெளியேற்றுவீர்கள், அவ்வளவுதான். சூடு குறைந்த மாதங்களில் பெரிய ஏ.சி. சட்டென்று குளிர்த்திவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது, அறை குளிர்ந்தும் புழுங்கும்.

செய்ய வேண்டியது சிலாப்பின் மேலே. 50 மில்லிமீற்றர் எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் இறுகிய நுரைப்பலகை, போட்டால் அதே 1,200 வாற் ஏறத்தாழ 200க்கு இறங்கும். வேலையின் வரிசையில் கவனம் தேவை. முதலில் சிலாப்பைக் கழுவி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். 100 அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் சாந்தால் சரிவு எடுங்கள். சுவரும் சிலாப்பும் சேரும் மூலையைச் சாந்து வைத்து உருட்டிவிட்டு, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு தரம் பூசுங்கள். கைப்பிடிச் சுவரில் அரை அடிக்குக் குறையாமல் அது ஏற வேண்டும். காய்ந்ததும் வாய்க்குழாய்களை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம் விடுங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால்தான் பலகைக்குப் போகலாம். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் மார்கழியில் எல்லாவற்றையும் உடைத்து எடுக்க நேரிடும்.

பலகைகளைச் செங்கல் வரிசைபோல் மூட்டு மாறி அடுக்கி, மேலே பொலித்தீன் விரிப்பு, அதற்கு மேல் வலை வைத்து இரண்டு அங்குலச் சாந்து. சாந்தை ஆறு முதல் எட்டு அடிச் சதுரங்களாகப் பிரித்து, இடைவெளியை இழுபடும் சீலன்றால் நிரப்ப வேண்டும். பல மேசன்மார் ஒரே விரிப்பாகப் போட்டுவிடுவார்கள். பலகைக்கு மேல் இருக்கும் சாந்து பகலில் மிகவும் சூடாகும், இரவில் வேகமாகக் குளிரும், அதனால் முதல் வருடமே வெடிக்கும். வெடிப்பால் இறங்கும் மழைத் தண்ணீர் பலகைக்கு அடியில் தேங்கி நிற்கும். கடைசியாக வெள்ளை டைல் அல்லது வெள்ளைப் பூச்சு. பொதி கட்டும் மெல்லிய ரெஜிபோமை மலிவென்று வாங்காதீர்கள். பாரம் தாங்காது, தண்ணீரும் குடிக்கும்.

இப்போது கை இறுக்கமென்றால் வெப்பத்தைத் தெறிக்கவிடும் வெள்ளைப் பூச்சை மட்டும் இரண்டு கை அடியுங்கள். மேற்பரப்புச் சூடு பத்துப் பாகைக்கு மேல் குறையும். ஆனால் மாரி முடிந்ததும் பாசியும் தூசும் படிந்து அந்தப் பலன் தேய்ந்துவிடும். ஒவ்வொரு மாசியிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். மாசி, பங்குனிதான் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் நல்ல காலம்.

சீற்று வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் சீற்றையோ சீலிங்கையோ ஒட்டியிருந்தால் பலன் போய்விடும். பளபளப்பான பக்கம் கீழே பார்க்க, அதற்குக் கீழே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி வேண்டும். மேலே பார்க்க வைத்தால் தூசி படிந்து மங்கிவிடும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கு வெள்ளை அடிப்பதானால் உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. நனைத்து, மெதுவாகத் துடைக்க வேண்டும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

நிலாவெளியில் கடலைப் பார்த்த காணியில் மூன்று மாடி விடுதி கட்டப் போகிறோம். 12 அறை, மொத்தம் 6,200 சதுர அடி. 'எரிசக்தி விதிக்கோவைக்கு அமைய வரைய வேண்டும்' என்கிறார் கட்டடக் கலைஞர். நாலு மாடிக்கு மேல்தான் அது என்று கொந்தராத்துக்காரர் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— விடுதி உரிமையாளர், நிலாவெளி

கட்டடக் கலைஞர் சொல்வதுதான் சரி. நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் 2008ஆம் ஆண்டுக் கோவை நான்கு வாசல்களைச் சொன்னது: நான்கு மாடி அல்லது அதற்கு மேல், 500 சதுர மீற்றர் தளப்பரப்பு, 100 கே.வீ.ஏ. மின்தேவை, 350 கிலோவாற் குளிரூட்டல். ஒன்றுக்குள் நுழைந்தாலே கோவை பொருந்தும். உங்கள் 6,200 சதுர அடி 576 சதுர மீற்றர். மூன்று மாடியாக இருப்பது உங்களைக் காப்பாற்றாது. 2020இல் கோவை புதுப்பிக்கப்பட்டிருப்பதால் புதிய பதிப்பை வைத்தே வரையச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னே இன்னொன்று இருக்கிறது. சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். காணி அதற்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது எவ்வளவு பின்தள்ளிக் கட்டச் சொல்கிறது என்று தெரியாமல் விரிவான வரைபடத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். கட்டிடம் பின்னுக்குப் போனால் அறைகளின் அமைப்பே மாறிவிடும்.

கோவை வெளிச்சுவரும் கூரையும், வெளிச்சம், காற்றோட்டமும் குளிரூட்டலும், சுடுநீர், மின் விநியோகம் என்று ஐந்து பக்கத்தைப் பார்க்கிறது. உங்கள் விடுதியில் முதலாவதுதான் தகராறு தரும், ஏனென்றால் எல்லா அறைக்கும் கடலைப் பார்த்து முழுக் கண்ணாடி கேட்பீர்கள். நிலாவெளிக் கடல் கிழக்கே. எட்டடி அகலம், ஏழடி உயரக் கண்ணாடி 5.2 சதுர மீற்றர். காலை எட்டரை மணி வெயில் அதில் சதுர மீற்றருக்கு 600 வாற் அளவில் விழும். சாதாரண தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கை உள்ளே விடும். அறைக்குள் 2,500 வாற்! உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தில் பெரும் பங்கு அறையிலேயே தங்கிவிடும்.

தீர்வு ஆறடி ஆழமான பல்கனி. ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏற ஏறக் கண்ணாடியின் பெரும் பகுதி நிழலுக்குள் வந்துவிடும். அதற்கு முந்திய தாழ்ந்த வெயிலுக்குப் பல்கனி விளிம்பில் இழுத்துவிடும் தட்டி போடுங்கள். ஓலைத் தட்டியே அழகாக இருக்கும். இரண்டும் முடியாத இடத்தில் வெயில் வெப்பத்தில் 0.3 பங்குக்கு மேல் விடாத கண்ணாடி கேளுங்கள். கறுப்பு நிறம் மட்டும் ஏற்றிய கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது.

வடக்குச் சுவரை யாரும் கவனிப்பதில்லை. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் வெயில் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்றிலிருந்து ஆவணி நடு வரை சூரியன் நமக்கு வடக்கேதான். நல்ல காலம், அது அதிகம் சாய்வதில்லை. வடக்கிலும் தெற்கிலும் யன்னலுக்கு மேல் இரண்டடி ஷேட் நண்பகல் வெயிலுக்குப் போதும். மேற்குக்கு ஷேட் உதவாது. அந்தப் பக்கம் படிக்கட்டையும் குளியலறையையும் வையுங்கள், அறையை வைக்க வேண்டாம்.

சுடுநீருக்கு அறைக்கொரு மின் ஹீற்றர் பூட்டினால், 3.5 கிலோவாற் வீதம் பன்னிரண்டும் ஒரே காலையில் ஓடி 42 கிலோவாற் ஆகும். அதற்கேற்ற பெரிய இணைப்புக்கும் காசு கட்ட வேண்டும். கூரையில் சூரிய வெப்ப சுடுநீர்த் தாங்கி அல்லது வெப்பப் பம்பி வையுங்கள். குழாயை உறை சுற்றாமல் விட்டால் கடைசி அறைக்காரர் சுடுநீருக்காக வாளி வாளியாகத் தண்ணீரை ஓட விடுவார்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் தொங்கவிடாதீர்கள். உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துத் தூளாக்கும், ஏ.சி. அதிக கரண்ட் இழுக்கும். பூச்சிட்ட தகடுள்ள பெட்டியை நிலப்பக்கம் வைத்து, மாதமொருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் சி.ஓ.சி. எனப்படும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் ஒரு விருந்தாளியையும் ஏற்ற முடியாது. அனுமதித்த வரைபடத்தில் இருந்த பல்கனியைப் பிறகு கண்ணாடியால் அடைத்தீர்களானால் அங்கேதான் சிக்குவீர்கள்.

வீட்டு வரைபடத்தில் மழைநீர்த் தாங்கி காட்ட வேண்டும் என்கிறார்கள். பெயருக்குக் காட்டிவிட்டால் போதாதா? 1,000 சதுர அடிக் கூரை, ஐந்து பேர்.
— வாசகர், கிண்ணியா

போதாது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தில் மழைநீர் சேகரிப்புக்கென்றே திருத்தம் வந்தது. சட்டத்தை விடுங்கள், கிணறு உவராகும் ஊரில் இதைக் கைவிடுவது மனதுக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் கூரை 93 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். சிதறியது போக ஐந்தில் நான்கு கிடைத்தாலும், 50 மில்லிமீற்றர் பெய்த நாளில் 3,700 லீற்றர் சேரும். 5,000 லீற்றர்த் தாங்கி மாரியில் இரண்டு நல்ல மழைக்கு நிரம்பிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 25, ஆகவே 200 நாள் வரும். தை முடிவில் நிரம்பிய தாங்கி ஆவணி வரை போகும். அதே தண்ணீரைக் கழிப்பறைக்கு விட்டால் ஒரு மாதத்தில் முடியும். அதற்கு உவர்த் தண்ணீரே போதும்.

பிழை நடப்பது முதல் மழையில்தான். கூரையிலுள்ள பறவை எச்சமும் தூசும் முதல் மில்லிமீற்றரோடு வரும். அதை வெளியே விட உங்களுக்கு 100 லீற்றராவது வேண்டும். நாலங்குலக் குழாய் ஒரு மீற்றருக்கு எட்டு லீற்றர்தான் கொள்ளும், ஆகவே சின்னக் குழாய்த் துண்டு காணாது. பீப்பா ஒன்று வைத்து, அது நிரம்பிய பிறகு தாங்கிக்குப் போகும்படி செய்யுங்கள். மிகைநீர்க் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, வாயில் நுளம்பு வலை கட்ட வேண்டும். அந்த மிகைநீரைக் கானுக்கு விடாமல் கிணற்றருகே ஊறுகுழிக்கு விடுங்கள், மலக்குழிக்கு 50 அடி விலக்கி.

தொடர்மாடி வீடு ஒன்றைப் 'பசுமைக் கட்டடம்' என்று விற்கிறார்கள். எதைக் கேட்டுப் பார்ப்பது?
— வெளிநாட்டிலிருந்து வாங்க விரும்புபவர், பூர்வீகம் பாலையூற்று

சான்றிதழைக் கேளுங்கள். இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை தரம் வழங்குகிறது, நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் தன் பசுமைச் சான்று உண்டு. 'பதிவு செய்திருக்கிறோம்' என்பது சான்று ஆகாது. வரைபடத்துக்குக் கிடைத்ததா, கட்டி முடித்த கட்டடத்துக்கா என்றும் பாருங்கள். கூடவே சி.ஓ.சி. பிரதி. பிறகு பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவரை அனுப்பி மேற்கு அறையில் அரை மணி நேரம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5 கிலோவாற் சோலார் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல வெயில் நேரத்தில் இன்வேட்டர் நின்று நின்று வேலை செய்கிறது. கரண்ட் போனாலும் நின்றுவிடுகிறது. பழுதா?
— கடை உரிமையாளர், உப்புவெளி

கரண்ட் போகும்போது நிற்பது பழுதல்ல. லைனில் வேலை செய்யும் ஆளின் உயிரைக் காக்க அது நின்றே ஆக வேண்டும். வெட்டின்போதும் ஓட வேண்டுமானால் பற்றரியோடு அதற்கேற்ற இன்வேட்டர் வேண்டும்.

நண்பகலில் நிற்பது லைனின் வோல்ற் கூடுவதால். ஞாயிறு கடைகள் பூட்டு, பாவனை குறைவு, எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை லைனுக்குத் தள்ளுகின்றன. இலங்கையில் 230 வோல்ற்றுக்கு ஆறு வீதம்தான் இடம், அதாவது 244 வரை. யார் பக்கம் குறை என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்கு இன்வேட்டர் திரையில் உள்ள வோல்ற்றையும், மின்வேலை தெரிந்தவரை வைத்து மீற்றர்ப் பெட்டியில் உள்ளதையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஐந்தாறு வோல்ற் வித்தியாசம் இருந்தால் உங்கள் வயர்தான் மெல்லியது. 5 கிலோவாற் 22 அம்பியர். 30 மீற்றர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரில் 6 வோல்ற் ஏறும். 10 போட்டால் இரண்டரை. மீற்றரிலேயே 244க்கு மேல் காட்டினால் திகதி, நேரம், படத்தோடு உங்கள் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் பிரதேசப் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரில் சரிசெய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. பூட்டியவர் இன்வேட்டரின் வோல்ற் எல்லையைத் தன் பாட்டில் உயர்த்த விடாதீர்கள். உங்கள் குளிர்ப்பெட்டிக்கும் பக்கத்து வீட்டுப் பொருட்களுக்கும் அது கேடு. அதுவரை தண்ணீர்ப் பம்பியையும் துணி துவைக்கும் மெஷினையும் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் போடுங்கள், நிற்பது குறையும்.